பஸ்ராவில் தலைக்கு ஊற்றிய தண்ணீர்

ஊருக்கு வந்ததிலிருந்து பாளையங்கோட்டையில் என்னைப் பார்க்கிறவர்கள் எல்லாம் ஒரே கேள்விதான் கேட்கிறார்கள். சண்டையில் எத்தனை பேரைச் சுட்டாய்? உண்மையைச் சொன்னால் யாருக்கும் பிடிப்பதில்லை. நான் சுட்டது ஒரு தண்ணீர்ப் பானையை. அந்தி மங்கலில் துருக்கிக்காரன் குந்தியிருக்கிறான் என்று நினைத்துச் சுட்டேன். பானை செத்துப்போனது. சுபேதார் என்னை வெயிலில் நிற்க வைத்தார். அதோடு என் வீரம் முடிந்தது.

பஸ்ராவில் நான் கிடந்த ஆஸ்பத்திரியைப் பற்றிச் சொல்லத்தான் நிறைய இருக்கிறது. மிஷன் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பு வாத்தியார் என்னை வெளியே போய் நில் என்றார். நான் அப்படியே வீட்டுக்கு நடந்துவிட்டேன். ஆகையால் இதில் பிழை இருந்தால் அவரைக் கேளுங்கள். சும்மா கிடந்தவன் பேனா பிடிக்கக் காரணம், என்னை அங்கே படுக்க வைத்த அதே காய்ச்சல் நம் ஆற்றங்கரை ஊர்களிலும் புகுந்து வீட்டுக்கு ஒருவரைக் கொண்டுபோயிருக்கிறது. இப்போது கொஞ்சம் அடங்கியிருக்கிறது. போய்விட்டது என்று பேசிக்கொள்கிறார்கள். அது போவதுபோலப் போகிற விதம் எனக்குத் தெரியும்.

பஸ்ரா என்பது மெசபொட்டேமியாவில் கடலுக்குப் பக்கத்து ஊர். அங்கே ஓடுகிற ஆற்றில் அக்கரையில் நிற்கிற மாடு ஆடு மாதிரி தெரியும், ஆடு கோழி மாதிரி தெரியும். கப்பல் நேராக ஆற்றுக்குள்ளேயே வரும். எங்கள் கம்பெனிக்குச் சண்டை கிடையாது. கப்பலில் வந்து இறங்குகிற கோதுமை மாவு மூட்டைக்கும் பிஸ்கட் பெட்டிக்கும் காவல். துப்பாக்கியைத் தோளில் வைத்துக்கொண்டு மூட்டையைச் சுற்றி நடப்போம். மூட்டை எங்கேயும் ஓடாது. கோடையில் துப்பாக்கியின் இரும்பு கையைச் சுடும். ஈ வாய்க்குள் போகும். வடக்கத்திப் பட்டாளத்துக்காரர்களுக்கு ரொட்டி. எங்களுக்கு அரிசி என்று உத்தரவு. ஆனால் அரிசி வருகிற கப்பல் மட்டும் எப்போதும் பிந்தி வரும். அதுவரைக்கும் நாங்களும் ரொட்டி சுட்டோம். அந்த ரொட்டியை எதிரி மேல் எறிந்திருந்தால் சண்டை ஒரு வருஷம் முன்னாலேயே முடிந்திருக்கும்.

என்னோடு ஒரே கூடாரத்தில் இருந்தவர் இசக்கி அண்ணன். ஸ்ரீவைகுண்டத்துக்காரர், வாழைத்தோட்டத்தில் கூலி வேலை பார்த்தவர். எனக்கு நாலைந்து வயது மூத்தவர். ஆள் பனைமரம் மாதிரி இருப்பார். பஸ்ராவில் பேரீச்சந்தோப்பைப் பார்த்த அன்றே, இதில் பதநீர் இறக்கலாம் என்று ஒரு மரத்தில் ஏறிப் பாளையைச் சீவி, பிஸ்கட் டின்னைக் கட்டிவிட்டு வந்தார். மறுநாள் தோப்புக்காரன் டின்னைக் கையில் வைத்துக்கொண்டு முகாம் முழுக்கத் தேடினான். நான் இசக்கி அண்ணனைச் சுட்டிக் காட்டாமல் எங்கள் ஹவில்தாரைச் சுட்டிக் காட்டினேன். அன்றைக்கு எங்கள் கூடாரத்தில் சிரித்த சிரிப்பு பெரிய சிரிப்பு.

அவருக்கு ஒரே ஒரு விசாரம் உண்டு. பாளையங்கோட்டைச் சந்தைக்கு வாழைத்தார் கொண்டு வந்தவர், பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிற கூட்டத்தை வேடிக்கை பார்க்கப் போய், அங்கேயே கைநாட்டுப் போட்டு ரயில் ஏறிவிட்டார். வீட்டில் அம்மா ஒருத்திதான். அவளிடம் சொல்லவில்லை. தார் விற்ற காசை ஊர்க்காரன் ஒருவனிடம் கொடுத்தனுப்பியதோடு சரி. பிறகு அம்மா யாரிடமோ சொல்லி எழுதச் செய்த கடிதத்தை நான்தான் அவருக்குப் படித்துக் காட்டினேன். அதில் கோபம் இல்லை, அழுகை இல்லை. வந்து முகத்தைக் காட்டிவிட்டுப் போ என்று மட்டும் இருந்தது.

"மொகத்தக் காட்டணும்லே ஞானம்," என்பார் அடிக்கடி. "வேற ஒண்ணும் வேண்டாம். வாசல்ல நின்னு மொகத்தக் காட்டிட்டா போதும். அப்பறம் எந்த ஊருக்கு வேணும்னாலும் அனுப்பட்டும்."

"ஒம்ம மொகத்தப் பாக்கவாவே அவ்வளவு ஆசப்படுதாவ? பாவம், மறந்துருப்பாவ," என்பேன் நான். பூட்ஸ் பறந்து வரும்.

ஐப்பசி வாக்கில் எங்கள் கம்பெனியில் லீவுக்கு முறை வந்தது. முதல் கப்பலில் போகிறவர்களில் அவரும் நானும் இருந்தோம். அந்த வாரத்தில்தான் காய்ச்சல் வந்தது.

முதலில் பக்கத்து முகாமில் வந்தது. தும்மல், இடுப்பு வலி, கண் எரிச்சல். எல்லோரும் சிரித்தார்கள், சளிதானே என்று. காலையில் என்னோடு காவல் நின்ற ஒரு பையனை மத்தியானம் தூளியில் தூக்கிக்கொண்டு போனார்கள். பிறகு அவனைப் பற்றி யாரும் பேசவில்லை. எனக்கு வந்தபோது யாரோ உலக்கையால் இடுப்பில் இடித்த மாதிரி இருந்தது. இசக்கி அண்ணன்தான் என்னைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார். வரும் வழியில் அவர் உடம்பும் கொதித்தது. வாசலில் இருந்த ஆள், "இதில் நோயாளி யார்?" என்று கேட்டான். இரண்டு பேரையும் படுக்க வைத்தார்கள்.

ஆஸ்பத்திரி என்றால் நம் ஊர் மிஷன் ஆஸ்பத்திரி மாதிரி நினைக்க வேண்டாம். நாணல் பாயால் மறைத்த நீளக் கொட்டகை, மண் தரை, கயிற்றுக் கட்டில்கள். காசு கிடையாது, எல்லாம் சர்க்கார் தருமம். அதனால்தானோ என்னவோ கட்டிலுக்குக் கட்டில் ஒரு முழம்கூட இடைவெளி இல்லை. எனக்கு இடப்பக்கம் இசக்கி அண்ணன். வலப்பக்கம் ஒரு மராட்டிக்காரன். அவன் இரண்டாம் நாள் மாறி ஒரு பஞ்சாபிக்காரன் ஆனான். பிறகு அவனும் மாறினான். பாஷை தெரியாததால் யாரிடமும் போய்வருகிறேன் என்று அவர்கள் சொல்லவில்லை.

எங்களைப் பார்த்துக்கொண்டவர் காதர். மேலப்பாளையத்துக்காரர், ஊரில் தறி நெய்தவர், இங்கே வார்டில் வேலை. தண்ணீர் கொடுப்பது, சட்டி எடுப்பது, கடைசியில் துணி போர்த்துவது எல்லாம் அவர்தான். திருநெல்வேலிப் பேச்சைக் கேட்டதும் எங்கள் கட்டிலோடு ஒட்டிக்கொண்டார். தன் பங்குப் பாலில் ஜவ்வரிசி போட்டுக் காய்ச்சிக் கொண்டுவருவார்.

"குடிச்சுருவே. வீட்டுல உம்ம அம்ம குடுக்கான்னு நெனச்சுக்கிடும்."

"எங்கம்மைக்குத் தாடி கெடையாது பாய்."

"இந்த வாயி இருக்க வரைக்கும் நீரு மௌத்தாக மாட்டீரு," என்றார் காதர். மௌத்து என்றால் சாவு. கொட்டகையில் அந்த வார்த்தையை அவர் ஒருவர்தான் வாய்விட்டுச் சொல்வார்.

டாக்டர் வேலூர்ப் பக்கத்துக்காரர். மெலிந்த மனிதர், தூங்காமல் கண் சிவந்திருக்கும். காலையும் மாலையும் நாக்குக்கு அடியில் ஒரு கண்ணாடிக் குச்சியை வைப்பார். அதற்குள் பாதரசம் இருக்கிறது, உடம்புச் சூட்டுக்குத் தக்கபடி ஏறும், இறங்கும். பிறகு முதுகில் ஒரு விரலை வைத்து இன்னொரு விரலால் அதன்மேல் தட்டுவார். இது எதற்கு என்று கேட்டேன்.

"நீங்க மூட்டைக்குக் காவல் இருந்தவங்கதானே," என்றார். "காலிப் பெட்டியைத் தட்டினா ஒரு சத்தம், மாவு மூட்டையைத் தட்டினா ஒரு சத்தம். இல்லையா? நல்ல நுரையீரல் காலிப் பெட்டி மாதிரி, உள்ளே காத்துதான் இருக்கும். சளி இறங்கிக் கட்டிக்கிச்சுன்னா மூட்டை மாதிரி சத்தம் வரும். அதுதான் நிமோனியா."

"வந்தா என்ன மருந்து ஐயா?"

அவர் அடுத்த கட்டிலுக்குப் போனார். பிறகு திரும்பி வந்து எங்கள் இருவரிடமும் சொன்னார்: "கேளுங்க. இந்தக் காய்ச்சல் வாசல் வழியா வெளியே போகும். புறக்கடை வழியா உள்ளே வரும். சூடு இறங்கிட்டா எழுந்திருக்கக் கூடாது. குளிர் படக் கூடாது. நான் சொல்ற வரைக்கும் படுத்தே கிடக்கணும். காய்ச்சல்ல செத்தவன் கொஞ்சம் பேர்தான். சரியாப் போச்சுன்னு எழுந்து செத்தவன்தான் அதிகம்."

ஒரு சாயங்காலம் ஆற்றில் கப்பல்கள் எல்லாம் ஒரே நேரத்தில் ஊளையிட்டன. பீரங்கி வெடித்தது. ஒருவன் குண்டு விழுகிறது என்று கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்டான். காதர் வெளியே போய் விசாரித்துக்கொண்டு வந்தார்.

"சண்ட நின்னுட்டாம்வே. துருக்கிக்காரன் கை தூக்கிட்டான்."

"யாரு செயிச்சா?" என்று கேட்டேன்.

"நாமதான்னு சொல்லுதாவ."

கொட்டகையில் யாரும் எழுந்திருக்கவில்லை. வாசலோரத்தில் முகம்வரை போர்த்திய இரண்டு கட்டில்கள் இருந்தன. தூக்குகிற ஆட்கள் பீரங்கிச் சத்தம் ஓயட்டும் என்று பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்கள்.

அடுத்த சில நாளில் இசக்கி அண்ணனுக்குச் சூடு இறங்கியது. எனக்கு இறங்கவில்லை. அவர் எழுந்து உட்கார்ந்து, தன் கையைத் திருப்பித் திருப்பித் தொட்டுப் பார்த்தார்.

"விட்டுட்டுலே. சுத்தமா விட்டுட்டு."

இங்கேதான் நம் ஊர்க்காரர்களுக்கு மட்டும் விளங்குகிற ஒரு சங்கதி வருகிறது. காய்ச்சல் விட்டால் நம் பக்கத்தில் தலைக்குத் தண்ணீர் ஊற்றுவோம். அதுவரைக்கும் ஆள் காய்ச்சல்காரன். ஊற்றிவிட்டால் காய்ச்சல் முடிந்தது என்று அர்த்தம். பிறகு அவனை யாரும் நோயாளி என்று சொல்லமாட்டார்கள், அவனும் நினைக்கமாட்டான். வேதக்காரர்களான எங்கள் வீட்டிலும் அப்படித்தான். ஜெபம் பண்ணுவோம், தலைக்கும் ஊற்றுவோம். எந்த டாக்டரின் வார்த்தையும் அந்தச் செம்புத் தண்ணீருக்கு ஈடாகாது.

கம்பெனியிலிருந்து நம் பக்கத்து ஆட்கள் இரண்டு பேர் அவரைப் பார்க்க வந்தார்கள். கப்பல் வந்துவிட்டது, இரண்டொரு நாளில் ஏற்றுவார்கள், காய்ச்சல்காரனை மட்டும் ஏற்றமாட்டார்களாம் என்று சொன்னார்கள். அவ்வளவு போதுமே. வெந்நீர் போட விறகு இல்லை. ஆறு கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. காதர் வேறு பக்கம் போயிருந்த நேரம், இருவரும் ஆளுக்கொரு பக்கம் தாங்கி அவரை ஆற்றங்கரைக்குக் கொண்டுபோனார்கள். நானும் போகத்தான் கால் எடுத்து வைத்தேன். தரை மேலே வந்து முகத்தில் அறைந்தது. திரும்பக் கட்டிலில் ஏறவே எனக்கு வெகுநேரம் ஆனது.

அவர் தலை ஈரத்தோடு, நெற்றியில் திருநீற்றோடு திரும்பி வந்தபோது எனக்குப் பொறாமையாக இருந்தது. கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருந்தார்.

"நல்ல தண்ணிலே. மூணு முங்கு. ஒடம்பு பஞ்சாட்டம் ஆயிட்டு."

"முங்குனது சரி அண்ணே, அழுக்கு போச்சா? ஆத்துல மீனு செத்து மெதக்காம்லா."

"நீ இங்கனயே கெட. நான் ஊருக்குப் போயி, ஞானம் நல்லா இருக்கான், நாள் பூரா பொய் சொல்லுதான்னு ஒங்கம்மகிட்டச் சொல்லுதேன்."

காதர் வந்து அவர் தலையைப் பார்த்தார். தன் தோள் துண்டை எடுத்து, குழந்தைக்குத் துவட்டுவதுபோல அழுத்தித் துவட்டினார். "என்ன வேல பாத்துட்டீரு," என்று மட்டும் முணுமுணுத்தார். அன்று மாலை வடக்கே இருந்து காற்று வீசியது. மெசபொட்டேமியாவில் வெயில் எவ்வளவு கொடுமையோ, அந்த மாதத்துக் காற்று அவ்வளவு கொடுமை.

கப்பலேறும் நாள் விடியும்போது நான் கண் விழித்தேன். இசக்கி அண்ணன் கம்பளிக்குள் சுருண்டு நடுங்கிக்கொண்டிருந்தார். இருமல் வராமல் இருக்கத் துணியைப் பல்லால் கடித்திருந்தார்.

"அண்ணே, மேலுக்கு முடியலயா?"

"ஒண்ணும் இல்ல."

"நடுங்குதேரே."

"குளிருலே. தலைக்கு ஊத்தியாச்சுல்லா, அப்பறம் என்ன காய்ச்சல்? பேசாமக் கெட."

அவர் வெறும் பொய் சொல்லவில்லை. அதை நம்பினார். தண்ணீர் ஊற்றியாகிவிட்டது, இனி வருவது எதுவானாலும் அது காய்ச்சல் இல்லை. ஆனால் டாக்டரின் கண்ணாடிக் குச்சிக்கு அந்த நியாயம் தெரியாது என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. டாக்டர் கொட்டகைக்குள் நுழைந்ததும் அவர் எட்டி, ஆற்றுக் காற்றில் குளிர்ந்திருந்த மண்ஜாடியை எடுத்து, வாய் நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டார். டாக்டர் நெருங்கி வருகிற வரைக்கும் அதை விழுங்கவில்லை. இரண்டு கட்டில் தள்ளி வந்ததும் விழுங்கிவிட்டு, எழுந்து நேராக நின்றார். பூட்ஸ்கூடப் போட்டிருந்தார்.

டாக்டர் குச்சியை வைத்து எடுத்துப் பார்த்தார். "நல்லது. போகலாம்," என்றார்.

இசக்கி அண்ணன் என்னைப் பார்த்துச் சிரித்தார். அவர் உதடு நாவற்பழம் தின்றவன் உதடு மாதிரி இருந்தது. பக்கத்தில் இருந்து பார்த்த எனக்குத்தான் தெரிந்தது. டாக்டர் அதற்குள் குனிந்து என் நாடியைப் பிடித்திருந்தார்.

நான் என்ன நினைத்தேன் என்று இப்போது கேட்டால் சொல்லத் தெரியாது. கப்பலில் ஏறிவிட்டால் ஒருவேளை பிழைத்துப் போய் முகத்தைக் காட்டிவிடுவாரோ என்றும் நினைத்தேன். மராட்டிக்காரனையும் பஞ்சாபிக்காரனையும் நினைத்தேன்.

"ஐயா," என்றேன். "அவரு முதுகத் தட்டிப் பாருங்க."

"இவன் கேலிக்காரன் ஐயா," என்றார் இசக்கி அண்ணன் உடனே. "சும்மா வெளையாடுதான்."

டாக்டரும் லேசாகச் சிரித்தார்.

"வெளையாடல ஐயா. வாயில தண்ணி வச்சிருந்தாரு. ஜாடியப் பாருங்க, கொறஞ்சிருக்கு."

டாக்டர் ஜாடியைப் பார்க்கவில்லை. இசக்கி அண்ணனின் சட்டையைத் தூக்கி முதுகில் விரலை வைத்துத் தட்டினார். மேலே நல்ல சத்தம். விரல் கீழே இறங்க இறங்கச் சத்தம் அடங்கியது. நானும் கேட்டேன், காதரும் கேட்டார். அது மூட்டையின் சத்தம். இரண்டு பக்கமும்.

காதர் குனிந்து பூட்ஸைக் கழற்றினார். இசக்கி அண்ணன் தடுக்கவில்லை. படுத்துக்கொண்டு என் பக்கம் பார்த்தார்.

"நல்லா இருலே ஞானம்," என்றார். "நல்லா இரு."

பிறகு மறுபக்கம் திரும்பிக்கொண்டார்.

கப்பல் மத்தியானம் போனது. அது ஊதியபோது அவர் முதுகு ஒருமுறை அசைந்தது. டாக்டர் தன்னால் முடிந்ததைச் செய்தார்: சூடான ஒத்தடம், பிராந்தி, நிமிர்த்தி உட்கார வைப்பது. நிமோனியா என்பது கரையில் இருந்துகொண்டே தண்ணீரில் மூழ்குவதுதான். மூச்சை இழுக்கிறார்கள், உள்ளே போக இடம் இல்லை. நான் பேசிக்கொண்டே இருந்தேன். ஹவில்தாரைத் தோப்புக்காரன் விரட்டியதை மறுபடி சொன்னேன். பதநீரைச் சொன்னேன். திட்டட்டும் என்று அவருடைய மூக்கைக்கூடக் கேலி பண்ணினேன். அவர் என்னோடு பேசவில்லை. காதர் பாலூட்டினால் வாயைத் திறப்பார், நான் கூப்பிட்டால் கண்ணை மூடிக்கொள்வார். கடைசியில் பேசியதெல்லாம் தன் அம்மாவோடுதான். வாழைக்கு முட்டுக் கொடுக்கணும், காற்று வருகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். காதர் காலைத் தேநீரை ஊற்றிக்கொண்டு வந்தபோது அந்தக் கட்டிலில் சத்தம் இல்லை.

பஸ்ராவில் எரிக்க விறகு கிடைப்பது பெரிய கஷ்டம். அந்த நாட்களில் கேட்கவே வேண்டாம். எல்லாரையும் ஒரே குழியில் போடலாம் என்று மேலிடத்தில் பேச்சு நடந்தது. காதர் போய், நாங்கள் காவல் காத்த கிடங்கிலிருந்து உடைந்த பிஸ்கட் பெட்டிகளைக் கேட்டு வாங்கி, கம்பெனி ஆட்களோடு தானும் சுமந்தார். நான் பார்க்கவேண்டும் என்று சொன்னதால் கொட்டகையின் மறைப்புப் பாயைத் தூக்கிக் கட்டிவிட்டுப் போனார். ஆற்றங்கரையில் புகை எழுந்தது. அன்றைக்குக் காற்று இல்லை.

சில நாள் கழித்து எனக்கும் சூடு இறங்கியது. அதே இரண்டு பேர், அதே அன்போடு வந்து நின்றார்கள், தலைக்கு ஊற்றலாமா என்று. இந்தத் தடவை எங்கேயோ விறகு தேடி வெந்நீரே போட்டுக் கொண்டுவந்திருந்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் அரித்தது, ஆசை பொங்கியது. அந்தத் தண்ணீரில் என் காலைக் கழுவிக்கொண்டேன். அவர்கள் முகம் வாடிப் போனார்கள். டாக்டர் எழுந்திரு என்று சொல்லும் வரைக்கும் படுத்தே கிடந்தேன். அதற்குள் இரண்டு கப்பல் போய்விட்டது.

மூன்றாவது கப்பலில் வந்தேன். அதிலும் காய்ச்சல் ஏறியிருந்தது. இறந்தவர்களைக் கோணியில் வைத்துத் தைத்து, காலில் இரும்பைக் கட்டி, பலகையைச் சரிப்பார்கள். இந்து, முஸ்லிம், வேதக்காரன் எல்லோருக்கும் ஒரே பலகை. கப்பல் நிற்காது.

ஊர் வந்து உடம்பு தேறியதும் ஸ்ரீவைகுண்டம் போனேன். வாய்க்கால் ஓரமாக வாழைக்குக் களை கொத்திக்கொண்டிருந்த கூட்டத்தில் இசக்கி அண்ணனின் அம்மாவைக் காட்டினார்கள். பேர் பேச்சியம்மாள். சர்க்கார் தந்தி முன்னாலேயே வந்திருந்தது. நான் யார் என்று சொன்னேன். அவர் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு, முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு நின்றார். வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தேன்: தலைக்கு ஊற்றியது, ஜாடித் தண்ணீர், நான் காட்டிக் கொடுத்தது, அவர் என்னோடு பேசாமலே போனது. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"கப்பல்ல செத்தா கடல்ல போட்டுருவாவளாமே," என்றார். "நம்ம ஊரு தபால்காரரு சொன்னாரு. அதுலேர்ந்து எனக்குத் தூக்கம் இல்ல. தரையிலதான போட்டியோ?"

"ஆமா அத்த. ஆத்தங்கரையில. எரிச்சோம்."

"நல்லா எரிஞ்சுதா?"

"நல்லா எரிஞ்சுது."

அவர் முந்தானையை இடுப்பில் செருகினார். பிறகு மண்வெட்டியை எடுத்தார்.

"வெயில்ல நிக்காதய்யா," என்றார். "நோவுல கெடந்து எந்திரிச்ச ஒடம்பு. அங்கன நெழல்ல போயி இரி. இந்த வரி முடிஞ்சதும் வந்து சோறு போடுதேன்."